யாருடைய கையெழுத்து?

பங்குத்தந்தையாகப் பணியாற்றுவோருக்குப் பழகிப்போனவற்றுள் ஒன்று மொட்டைக் கடிதம். மேலே முகவரி இராது; கீழே பெயர் இராது. 'தங்கள் நலம் விரும்பி' என்றோ, 'உண்மைக் கத்தோலிக்கன்' என்றோ முடிந்திருக்கும். உள்ளே நலமும் இராது, உண்மையும் அரிதாகவே இருக்கும்.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், நாம் முதன்முதலாகப் பங்குப் பொறுப்பேற்ற ஊரில் அத்தகைய கடிதம் ஒன்று எழுந்தது. திருவிழாக் கணக்கில் நாம் கைவைத்துவிட்டதாக ஆயர் இல்லத்துக்கு யாரோ எழுதியிருந்தார்கள். கணக்கு நேராக இருந்ததால் அது அங்கேயே முடிந்தது. கடிதம் மட்டும் நம் கைக்கு வந்து சேர்ந்தது. அன்றிரவு அதை விளக்கடியில் விரித்து வைத்துக்கொண்டு அமர்ந்தோம். அதில் 'ழ' என்னும் எழுத்தின் வால் வழக்கத்தைவிட நீண்டு, முனையில் சற்றே மடிந்திருந்தது. எங்கேயோ பார்த்த எழுத்து! பங்குப் பேரவையில் நம்மை அடிக்கடி மறுத்துப் பேசும் ஆசிரியர் ஒருவர் நினைவுக்கு வந்தார். பேரவைக் குறிப்பேட்டைப் புரட்டினோம். அதே 'ழ', அதே வால். 'இவரேதான்' என்று முடிவு செய்துவிட்டோம். பொருந்தாத எழுத்துகளும் பல இருந்தன. 'கெட்டிக்காரர், எழுத்தை மாற்றி எழுதியிருக்கிறார்' என்று மனம் அவற்றுக்கும் விடை வைத்திருந்தது.

அந்தக் கதை எப்படி முடிந்தது என்பதை இறுதியில் கூறுவோம். அதற்கு முன், பெயரில்லாத கடிதம் ஒன்று பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு நாட்டையே உலுக்கிய வரலாற்றை நினைவுகூர விரும்புகிறோம். அவ்வரலாற்றில் கத்தோலிக்கராகிய நமக்கும் பங்கு உண்டு. பெருமைக்குரிய பங்கும் உண்டு. நாணத்துக்குரிய பங்கும் உண்டு.

குப்பைக் கூடையிலிருந்து வந்த தாள்

பாரிஸ் நகரில் இருந்த ஜெர்மன் தூதரகத்தில் கூட்டிப் பெருக்கும் பெண் ஒருத்தி பிரெஞ்சு உளவுத் துறைக்குக் கையாளாக இருந்தாள். தூதரகத்தின் படைத்துறை அலுவலர் ஷ்வார்ட்ஸ்கோப்பனின் குப்பைக் கூடையில் விழும் தாள்களைச் சேர்த்து, அவ்வப்போது பிரெஞ்சு உளவுத் துறையினரிடம் கொடுப்பது அவள் வேலை. 1894 செப்டம்பர் இறுதியில், கிழிந்த துண்டுகளாக ஒரு கடிதம் அத்துறையைச் சார்ந்த மேஜர் ஆன்ரியின் கைக்கு வந்தது. துண்டுகளை ஒட்டிப் பார்த்தார்கள். மெல்லிய தாள். கையொப்பம் இல்லை, தேதி இல்லை. பிரான்சின் பீரங்கிகளையும் படை ஏற்பாடுகளையும் பற்றிய ஐந்து இரகசியக் குறிப்புகளை அனுப்புவதாக அதில் ஒரு பட்டியல் இருந்தது. எழுதியவர் போர்ப் பயிற்சிக்குப் புறப்படப் போவதாகக் கடைசி வரி கூறிற்று.

1870-71 போரில் ஜெர்மனியிடம் தோற்று, அல்சாஸ் மாநிலத்தையும் இழந்திருந்த பிரான்சுக்கு இது நெருப்பை மிதித்தாற் போன்ற செய்தி. பீரங்கிப் படையை அறிந்தவரும், படைத் தலைமையகத்தில் பயிற்சி பெறுபவருமான ஓர் அலுவலர்தாம் எழுதியிருக்க வேண்டும் என்று ஊகித்தார்கள். பெயர்ப் பட்டியலில் விரலை ஓட்டினார்கள். அல்சாஸில் பிறந்த யூதரான கேப்டன் ஆல்ஃபிரட் டிரேஃபஸ் என்னும் பெயரில் விரல் நின்றது. அவருடைய எழுத்தைக் கொண்டுவந்து ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒன்று போலத் தோன்றின. பெயர் முதலில் வந்தது, ஒப்பீடு பின்னர் வந்தது என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

1894 அக்டோபர் 15-ஆம் நாள் காலை டிரேஃபஸை அலுவலகத்துக்கு வரவழைத்தார்கள். கையில் காயம் என்று சாக்குச் சொல்லி, மேஜர் தியூ பாத்தி என்பவர், 'நான் சொல்லச் சொல்ல ஒரு கடிதம் எழுதித் தாரும்' என்றார். அந்தப் பட்டியல் கடிதத்தின் சொற்களையே இடையிடையே கலந்து சொன்னார். நடுவில், 'ஏன் நடுங்குகிறீர்?' என்று கேட்டார். விரல்கள் குளிர்கின்றன என்று விடை வந்தது. நடுங்கினால் குற்றவாளி, நடுங்காவிட்டால் கைதேர்ந்த நடிகர். எப்படியும் தப்பமுடியாத சோதனை அது. அங்கேயே அவரைக் கைது செய்தார்கள்.

ஐந்து வல்லுநர்கள்

கையெழுத்தை ஆராய முதலில் அழைக்கப்பட்டவர் பிரான்சு வங்கியின் வல்லுநர் கோபேர். இது சந்தேகிக்கப்படுபவரின் கையாக இல்லாமல் வேறொருவருடையதாகவும் இருக்கலாம் என்று அவர் கருத்துரைத்தார். அந்த விடை வேண்டியிருக்கவில்லை. உடனே பாரிஸ் காவல் துறையின் அடையாளப் பிரிவுத் தலைவர் அல்ஃபோன்ஸ் பெர்த்தியோனிடம் சென்றார்கள். குற்றவாளிகளின் உடலுறுப்புகளை அளந்து அடையாளம் காணும் முறையை வகுத்து உலகப் புகழ் பெற்றவர் அவர். ஆயினும் கையெழுத்துக் கலை அவருக்குரிய துறையன்று. ஒரே நாளில், இரண்டும் ஒரே கை என்று அவர் எழுதிக் கொடுத்தார். மேலும் மூவரை அழைத்தார்கள். அவர்களுள் பெல்லெத்தியே மறுத்தார். ஷராவேயும் தெய்சோனியேரும் ஒப்பினார்கள். ஆக, ஐவருள் இருவர் மறுத்திருந்தார்கள்.

எழுத்துகளுக்கிடையே வேறுபாடுகள் இருந்தனவே, அவற்றுக்கு என்ன விளக்கம்? இங்கேதான் பெர்த்தியோனின் கூர்மதி வழிதவறியது. ஒற்றுமைகள் இருக்குமிடத்தில் அது டிரேஃபஸின் கை. வேற்றுமைகள் இருக்குமிடத்தில், தம் எழுத்தைப் பிறர் போலியாக எழுதியது போலத் தோன்றுவதற்காக டிரேஃபஸே செய்த சூழ்ச்சி! தம் எழுத்தைத் தாமே போலி செய்தார் என்பது அவர் கோட்பாடு. ஒத்திருந்தாலும் குற்றம், ஒவ்வாவிட்டாலும் குற்றம். தவறென்று காட்ட எந்தச் சான்றாலும் இயலாத கோட்பாடு, மெய்யென்று காட்டவும் எந்தச் சான்றாலும் இயலாது. இதை அவருக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

டிசம்பர் 19 முதல் 22 வரை மூடிய கதவுகளுக்குள் படைத்துறை வழக்குமன்றம் நடந்தது. கையெழுத்துச் சான்று தள்ளாடுவதைக் கண்டவர்கள், டிரேஃபஸும் அவர் வழக்கறிஞரும் அறியாதபடி ஓர் இரகசியக் கோப்பை நீதிபதிகளிடம் கொடுத்தார்கள். எழுவரும் ஒருமனமாகத் தண்டித்தார்கள். 1895 ஜனவரி 5-ஆம் நாள், படைக் கல்லூரி முற்றத்தில் அவருடைய பதவிச் சின்னங்கள் பிய்த்தெறியப்பட்டன, வாள் முறிக்கப்பட்டது. தாம் குற்றமற்றவர் என்று அவர் கூவினார். வெளியே நின்ற கூட்டம் அவருடைய சாவைக் கேட்டது. தென் அமெரிக்கக் கரையோரம் இருந்த 'பேய்த் தீவு' என்னும் சிறு தீவில், காவலர் அவரோடு பேசவும் கூடாது என்னும் கட்டளையோடு, நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனித்துச் சிறை இருந்தார். இடையில் இரண்டு மாதம் போல, இரவுதோறும் அவருடைய கால்களைக் கட்டிலோடு விலங்கிட்டார்கள்.

மனச்சான்று பேசிய இடம்

1895-இல் உளவுத் துறையின் தலைமை ஏற்றவர் பிக்கார் என்னும் அலுவலர். கத்தோலிக்கக் குடும்பத்தவர். யூதர்மீது அக்காலத்தவர்க்கு இருந்த வெறுப்பு அவருக்கும் இருந்தது. டிரேஃபஸ் குற்றவாளி என்றே அவரும் நம்பியிருந்தார். 1896 மார்ச்சில் அதே குப்பைக் கூடையிலிருந்து கிழிந்த அஞ்சல் அட்டை ஒன்று வந்தது. எஸ்தராஸி என்னும் பிரெஞ்சு மேஜரின் முகவரி அதில் இருந்தது. பிக்கார் விசாரிக்கத் தொடங்கினார். எஸ்தராஸி எழுதிய கடிதங்கள் இரண்டு ஆகஸ்டில் கைக்கு வந்தபோது, அந்த எழுத்தை எங்கோ பார்த்திருப்பதாக அவருக்குப் பட்டது. பட்டியல் கடிதத்தை எடுத்து அருகில் வைத்தார். சாயல் ஒத்திருக்கிறது என்று சொல்வது போதாது; அது அதே கையாகவே இருந்தது.

பெயர்களை மறைத்துப் படமெடுத்து, அவற்றைப் பெர்த்தியோனிடம் காட்டினார். 'இது பட்டியல் கடிதத்தின் எழுத்து' என்று பெர்த்தியோன் தயங்காமல் கூறினார். இவை அண்மையில் எழுதப்பட்டவை என்று அறிந்ததும், அப்படியானால் அதே எழுத்தைப் போல எழுதுவதற்கு யூதர்கள் யாரையோ பழக்கியிருக்கிறார்கள் என்றார்! கண் சரியாகவே கண்டது. கண்டதை ஏற்கத்தான் மனம் இடம் தரவில்லை.

பிக்கார் மேலதிகாரிகளிடம் சென்றார். அந்த யூதன் தீவில் கிடந்தால் உமக்கென்ன என்னும் பொருள்படத் தளபதி ஒருவர் கேட்டதாகவும், இந்த இரகசியத்தைக் கல்லறைக்குக் கொண்டு செல்லமாட்டேன் என்று தாம் மறுமொழி கூறியதாகவும் பிக்கார் பின்னர்ச் சான்று பகர்ந்தார். அவரைத் தூனிசியாவுக்கு அனுப்பினார்கள். பின்னர், அஞ்சல் அட்டையை அவரே போலியாகச் செய்தார் என்று குற்றஞ்சாட்டிச் சிறையிலும் அடைத்தார்கள். அட்டையில் எஸ்தராஸியின் பெயர் சுரண்டித் திருத்தப்பட்டிருப்பதைச் சான்றாகக் காட்டினார்கள். ஆனால் முன்னரே எடுத்திருந்த புகைப்படங்களில் அந்தச் சுரண்டல் இல்லை. பிக்காரைப் போலிக்காரராக்க வேறு யாரோ செய்த வேலை அது.

துறவி ஒருவர் விட்டுச் சென்ற கலை

இதற்கிடையில், 1896 நவம்பரில் 'லெ மத்தேன்' நாளிதழ் பட்டியல் கடிதத்தின் படத்தை வெளியிட்டது. அதுவரை சிலர் கண்ணுக்கு மட்டுமே எட்டியதை ஊரெல்லாம் பார்க்க முடிந்தது. டிரேஃபஸின் அண்ணன் மத்தியே அதைப் பல படிகள் எடுத்துப் பரப்பினார். ஓராண்டுக்குப் பின் வங்கித் தொழிலர் ஒருவர், 'இது என் வாடிக்கையாளர் எஸ்தராஸியின் எழுத்தாயிற்றே' என்று கண்டுகொண்டார். ஆயினும், படைத்துறை அமர்த்திய மூன்று வல்லுநர்கள் இது எஸ்தராஸியின் கையன்று என்றார்கள். 1898 ஜனவரி 11-ஆம் நாள் எஸ்தராஸி விடுதலை பெற்றார். இரண்டு நாள் கழித்து எழுத்தாளர் எமில் ஜோலா, குடியரசுத் தலைவருக்குத் தாம் எழுதிய வெளிப்படையான குற்றச்சாட்டுக் கடிதத்தை நாளிதழில் வெளியிட்டார். அதற்காக அவர்மீது வழக்குத் தொடுத்தார்கள்.

பிப்ரவரியில் நடந்த அவ்வழக்கில், 'எக்கோல் தே ஷார்த்' என்னும் பழஞ்சாசனக் கல்விக்கூடத்தின் தலைவர் பால் மெயர், பேராசிரியர்கள் மொலினியே, ஜிரி ஆகியோர் சான்று கூற வந்தார்கள். இடைக்காலத் தோல் சுவடிகளில் வாழ்நாளைக் கழித்தவர்கள், அரசியல் அறியாதவர்கள். மூலக் கடிதத்தை அவர்களுக்குக் காட்ட மறுத்தமையால், அச்சிட்ட படத்தை வைத்தே ஆராய்ந்து, எஸ்தராஸியின் கை என்று உரைத்தார்கள்.

இவர்கள் கற்ற கலை எங்கிருந்து வந்தது என்பதை நம் வாசகர்கள் அறிவது நலம். 1675-இல் இயேசு சபைக் குரு பாப்பெப்ரோக், பழம்பெரும் மடங்கள் தம்மிடம் உள்ளனவாகக் காட்டும் பட்டயங்கள் பல போலியானவை என்று எழுதினார். ஆசீர்வாதப்பர் சபைத் துறவியர் மனம் வருந்தினார்கள். அச்சபையின் ழான் மபியோன் என்னும் துறவி சினந்து எழுதவில்லை. ஆறு ஆண்டுகள் பட்டயங்களைத் தேடிப் பார்த்து, 1681-இல் சாசன ஆய்வு பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டார். எழுத்தின் சாயலை மட்டும் கொண்டோ, ஏதேனும் ஓர் அடையாளத்தை மட்டும் கொண்டோ தீர்ப்பிடலாகாது. தோல், மை, எழுத்து, மொழிநடை, தேதியிடும் முறை, முத்திரை அனைத்தையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. அந்நூலைப் படித்த பாப்பெப்ரோக் தம் கருத்து மிகைப்பட்டது என்று ஒப்பி, மபியோனைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். வாதுக்கு நின்ற இருவரும் உண்மையின் முன் பணிந்தார்கள். ஆவணங்களைச் சோதிக்கும் கலை இத்தகைய பணிவில் பிறந்தது.

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. 1894-இல் டிரேஃபஸுக்கு எதிராக உரைத்த ஷராவேயும், எஸ்தராஸியைக் காப்பாற்றிய வல்லுநர் மூவருள் ஒருவரும் அதே கல்விக்கூடத்தில் பயின்றவர்களே. கல்வி கண்ணுக்கு ஒளி தரும். எதைக் காண விரும்புகிறோம் என்பதைக் கல்வி தீர்மானிப்பதில்லை.

விளக்கொளியில் இரண்டு நிறங்கள்

பிக்கார் உண்மையை நெருங்கிய நாள்களிலேயே, டிரேஃபஸின் குற்றத்தை அசைக்க முடியாததாக்க மேஜர் ஆன்ரி ஒரு கடிதத்தை உருவாக்கினார். இத்தாலியத் தூதரக அலுவலர் ஜெர்மன் அலுவலருக்கு எழுதியதாகக் காட்டும் கடிதம். உண்மையான கடிதமொன்றின் தலைப்பையும் கையொப்பத்தையும் எடுத்து, நடுவில் தாமே எழுதுவித்த பகுதியை ஒட்டினார். அதில் டிரேஃபஸின் பெயர் வெளிப்படையாக இருந்தது. 1898 ஜூலை 7-ஆம் நாள் படைத்துறை அமைச்சர் கவேன்யாக் அதை நாடாளுமன்றத்தில் உரக்க வாசித்தார். அவ்வுரையை அச்சிட்டு நாடெங்கும் ஊர்தோறும் ஒட்ட மன்றம் ஆணையிட்டது.

ஆகஸ்டு 13 இரவு. அமைச்சரின் ஆணைப்படி கோப்புகளைச் சரிபார்த்துக் கொண்டிருந்தார் கேப்டன் குயின்யே. டிரேஃபஸ் குற்றவாளி என்பதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை. ஆன்ரியின் கடிதத்தை விளக்கருகில் பிடித்தார். கட்டம் போட்ட தாள். ஒரு பகுதியின் கட்டக் கோடுகள் நீலம் பாய்ந்த சாம்பல் நிறம். மற்றப் பகுதியின் கோடுகளோ சிவப்பு பாய்ந்த ஊதா. இரண்டு தாள்கள் ஒன்றாக ஒட்டப்பட்டிருந்தன. பகலில் எத்தனையோ பேர் பார்த்தும் தோன்றாதது, விளக்கொளியில் ஒரு நேர்மையான கண்ணுக்குத் தோன்றிற்று. தம் கட்சிக்கே கேடு என்று அறிந்தும் அதை அமைச்சரிடம் கூறினார்.

ஆகஸ்டு 30-இல் அமைச்சர் ஆன்ரியை நேரில் விசாரித்தார். மறுத்து, மழுப்பி, இறுதியில் ஆன்ரி ஒப்புக்கொண்டார். மறுநாள் சிறை அறையில் கழுத்தறுபட்டு இறந்து கிடந்தார். அருகில் சவரக் கத்தி இருந்தது. எஸ்தராஸி நாட்டைவிட்டு ஓடினார். பட்டியல் கடிதத்தைத் தாமே எழுதியதாகப் பின்னர் ஒப்பினார். அதுவும் மேலதிகாரியின் ஆணைப்படி என்று சாக்குச் சொன்னார். உயர் நீதிமன்ற விசாரணையில், எஸ்தராஸி 1892-இலும் 1894-இலும் எழுதிய இரு கடிதங்கள் கிடைத்தன. பட்டியல் கடிதம் எழுதப்பட்ட அதே வகை மெல்லிய தாள்! எழுத்தோடு தாளும் சான்று சொல்லிற்று. மபியோன் கேட்டது இதைத்தான்.

நம் வீட்டுக் கணக்கு

இந்த இடத்தில் கதையை முடித்துவிட்டு, பிரெஞ்சுப் படையைக் குறைகூறி ஒதுங்கிவிட நமக்கு உரிமை இல்லை. அக்காலத்தில் விண்ணேற்பு அன்னை துறவியர் நடத்திய 'லா குருவா' நாளிதழ் திருச்சிலுவையைத் தன் பெயராகவும் சின்னமாகவும் தாங்கி வந்தது. அதுவே, பிரான்சில் யூதரை மிகுதியாக எதிர்க்கும் நாளிதழ் தானே என்று 1890-இல் பெருமை பேசியது. வழக்கு நடந்த காலமெல்லாம் டிரேஃபஸைத் துரோகி என்றே எழுதியது. ஆன்ரியின் போலி வெளிப்பட்ட பின்னர், அவருடைய மனைவிக்காக யூத எதிர்ப்பு நாளிதழ் ஒன்று நன்கொடை திரட்டியது. கொடுத்தோரின் பட்டியல் அச்சாகி இன்றும் இருக்கிறது. அதில் நூற்றுக்கணக்கான கத்தோலிக்கக் குருக்கள் உள்ளனர். சிலர் காசோடு சேர்த்து எழுதியனுப்பிய வசைகளை இங்கே எடுத்தெழுத நம் கை கூசுகிறது. ஞாயிறுதோறும் பீடத்தின்முன் நின்று, பொய்ச் சான்று கூறலாகாது என்று மக்களுக்குக் கற்பித்தவர்கள் அவர்கள். கட்டளைக்கும் காசுக்கும் இடையே முரண்பாடு இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

அப்படிப்பட்ட நாளிலும் எதிர்நீச்சல் அடித்தவர்கள் இருந்தார்கள். 'எக்கோல் தே ஷார்த்' பேராசிரியரும் உறுதியான கத்தோலிக்கருமான பால் வியோலே, நீதியைக் காக்கும் கத்தோலிக்கர் குழு ஒன்றை 1899-இல் அமைத்தார். சிறு குழுதான், ஆயினும் இருந்தது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், யூதருக்கு எதிரான எல்லா வெறுப்பையும் வருந்திக் கண்டித்தது. ஜோலாவின் கடிதம் வெளிவந்து நூறாண்டு நிறைவுற்ற 1998 ஜனவரியில், 'லா குருவா' நாளிதழே தன் பழைய பக்கங்களுக்காக மன்னிப்புக் கோரியது. தன் கையெழுத்தைத் தன்னுடையதே என்று ஒப்புவது எளிதன்று. நூறாண்டு கழித்தேனும் அது நடந்தது என்பதில் நமக்கு ஆறுதல் உண்டு.

தவறினேன் என்றவர்

1899-இல் ரென் நகரில் டிரேஃபஸ் மீண்டும் விசாரிக்கப்பட்டார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் தமக்கு எதிராகக் கருத்துரைத்த ஷராவே அங்கே எழுந்து நின்றதை டிரேஃபஸ் கண்டார். 1894-இல் தாம் தவறிவிட்டதாகவும், அக்கடிதம் எஸ்தராஸியின் கையே என்றும், இதைச் சொல்வது தம் மனச்சான்றுக்குப் பெரும் ஆறுதல் என்றும் ஷராவே வெளிப்படையாகக் கூறினார். இரண்டு மாதங்களுக்குள் அவர் இறந்தார். இந்த வரலாற்றில் நம் நெஞ்சை மிகுதியாகத் தொடுகிறவர் அவரே. பெர்த்தியோனோ வரைபடங்களோடும் கணக்குகளோடும் வந்து தம் கோட்பாட்டையே நிலைநாட்ட முயன்றார். இருபத்தாறு இடங்களில் நான்கு பொருத்தங்களைக் கண்டதாகவும், அவை தற்செயலாக நேர 10,000-க்குப் 16 பங்கே வாய்ப்பு என்றும் கணக்கிட்டார். நான்கு இடங்களில் நான்கும் பொருந்துவதற்கான கணக்கு அது. இருபத்தாறில் நான்கு பொருந்த ஏறத்தாழ 400 மடங்கு மிகுதியான வாய்ப்பு உண்டு என்று கணித மேதை புவன்காரே எழுதியனுப்பிய கடிதம் மன்றத்தில் வாசிக்கப்பட்டது.

எனினும் நீதிபதிகள் ஐவருக்கு இருவராக மீண்டும் தண்டித்தார்கள். பத்து நாளில் குடியரசுத் தலைவர் மன்னிப்பளித்தார். குற்றமற்றவருக்கு மன்னிப்பு எதற்கு? உண்மை முழுமையாக வெளிவர மேலும் ஏழு ஆண்டுகள் ஆயின. புவன்காரே, தார்பூ, அப்பெல் என்னும் மூன்று கணித அறிஞர்கள் 1904-இல் பெர்த்தியோனின் முறையை ஆராய்ந்து, அதற்கு அறிவியல் மதிப்பு எதுவும் இல்லை என்று அறிக்கை அளித்தார்கள். 1906 ஜூலை 12-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. சின்னங்கள் பறிக்கப்பட்ட அதே படைக் கல்லூரியில் டிரேஃபஸ் விருது பெற்றார். 1935-இல் காலமானார்.

தாள் நம்மிடம் கேட்பது

இன்று ஆவணச் சோதனை வெகுதொலைவு முன்னேறியிருக்கிறது. மேல் தாளில் எழுதியபோது அடித்தாளில் பதிந்த வடுவை மின்னேற்றத்தால் வெளிக்கொணர்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு மைகளை அகச்சிவப்புக் கதிரில் பிரித்தறிகிறார்கள். ஒருவர் தம் கையொப்பத்தை இருமுறை அச்சொத்தாற்போல இடுவதில்லை. இரண்டு கையொப்பங்கள் மயிரிழையும் பிசகாமல் ஒத்திருந்தால், ஒன்று படியெடுத்த போலி என்று ஐயுறுகிறார்கள். உயிருள்ள கை அசையும், மாறும். போலி அந்த அசைவுக்கு அஞ்சி மெல்ல வரையும். அந்த மெதுவே அதைக் காட்டிக்கொடுக்கும்.

கருவிகள் பெருகியும் எச்சரிக்கை குறையவில்லை. கையெழுத்து வல்லுநரின் கருத்தை எச்சரிக்கையோடு அணுக வேண்டும், அவர் கூறும் காரணங்களை ஆராய்ந்தே ஏற்க வேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றம் 1980-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் அறிவுறுத்தியது. சோதிப்பவருக்கு யார்மீது சந்தேகம் என்பதையே சொல்லாமலிருப்பது நலம் என்று இக்கலை கற்றோர் கருதுகிறார்கள். 1894-இல் பெயர் முதலில் வந்து, ஒப்பீடு பின்னர் வந்ததன் பாடம் அது.

வல்லுநர்களுக்கு மட்டும் உரிய பாடமன்று இது. நம் குடும்பங்களில், பங்குகளில், அன்பியங்களில் நாள்தோறும் ஒருவர் மற்றவர்மீது தீர்ப்பு எழுதிக்கொண்டே இருக்கிறோம். யார் மொட்டைக் கடிதம் எழுதியது, யார் புறங்கூறியது, யார் பணத்தை எடுத்தது என்று கேட்குமுன்னே நம் விரல் ஒரு பெயரின்மேல் நின்றுவிடுகிறது. பிறகு தேடுவதெல்லாம் அந்தப் பெயருக்குப் பொருந்தும் எழுத்துகளை மட்டுமே.

இப்போது நம் கதைக்கு வருவோம். அந்த ஆசிரியரைப் பேரவைப் பட்டியலிலிருந்து நீக்கினோம். ஞாயிறு வாசகம் வாசிக்கவும் அவரை அழைக்கவில்லை. காரணம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு மாற்றல் பெற்று வேறு ஊருக்குச் சென்றுவிட்டார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, அவ்வூர் இளைஞர் ஒருவர் மாலையில் பங்குத்தந்தை இல்லத்துக்கு வந்து, பாடற்குழுவில் நாம் சேர்க்காத கோபத்தில் அந்தக் கடிதத்தை எழுதியவர் தாமே என்று அழுதார். அவரை மன்னிப்பது எளிதாக இருந்தது. மறுநாள் பேருந்து ஏறி ஆசிரியரின் ஊருக்குச் சென்றது அத்துணை எளிதாக இல்லை.

அவர் திண்ணையில் அமர்ந்து நடந்ததையெல்லாம் சொன்னோம். 'ழ' எழுத்தின் வாலைப் பற்றியும் சொன்னோம். அவர் சிரித்துவிட்டார். "சாமி, எங்கள் ஊரில் நாற்பது வருடம் ஒரே வாத்தியார்தான் அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தார். அவரிடம் படித்த அத்தனை பேரும் 'ழ'வை அப்படித்தான் எழுதுவோம்" என்றார். உள்ளே சென்று காப்பி கொண்டு வந்து கொடுத்தார். நாம் குடித்து முடிக்கும் வரை பேசாமல் இருந்துவிட்டு, பிறகு மெல்லக் கூறினார்: "அன்றைக்கே என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, சாமி."